மைக் இல்லாத மேடையில் இருந்து ஒரு லட்சம் வரை

உங்க ஹாஸ்டல்ல ஒரு பேண்ட் இருக்கா? ஒரு கிட்டார், ஒரு பழைய கீபோர்டு, மெஸ் முடிஞ்சதும் மொட்டை மாடியில் பிராக்டிஸ், கல்ச்சுரல்ஸ்ல பத்து நிமிஷம் கிடைக்காதான்னு ஒரு ஏக்கம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். எங்க பேண்டில் கீபோர்டு வாசிச்ச நண்பன் போன செமஸ்டரில் விலகிட்டான். இனி தொடரலாமா வேண்டாமான்னு குழம்பிக்கிட்டு இருந்த நேரத்துலதான் இவங்க கதையைத் தேடிப் படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன், கேளுங்க.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் எங்களுக்குப் பக்கம்தான். 2025-ல் புதுப் பாலம் திறந்ததும் நடுப்பகுதி மேலே போறதை நீங்க எல்லாரும் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. பழைய பாலம் திறந்தது 1914-ல். அதுக்கப்புறம் ரயில் அந்தப் பாலம் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் வந்தது. அங்கே இறங்கிக் கப்பல் ஏறினா தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில் பிடிச்சா கொழும்பு. போட் மெயில்னு அதுக்குப் பேர். கொழும்பில் தமிழ் நாடகத்துக்குப் பெரிய கூட்டம் இருந்தது. இங்கே பேர் வாங்கின நடிகர்கள் அங்கேயும் போய் ஆடினாங்க. இன்னைக்கு பாஷையில் சொன்னா, அதுதான் அவங்களுக்கு ஓவர்சீஸ் டூர்.

அப்படிக் கொழும்பு மேடையில் வளர்ந்தவங்கள்ல ஒருத்தர்தான் கே.பி.சுந்தராம்பாள். திருவிளையாடல் படத்தில் அவ்வையாரா வருவாரே, அவரேதான். அவரைப் பாட்டி வேஷத்தில் மட்டுமே பார்த்துப் பழகிட்டோம். அந்தக் குரல் எங்கே ஆரம்பிச்சதுன்னு நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது.

காவிரிக்கரையில் இருக்கிற கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர். சின்ன வயசுலேயே அப்பா இறந்துட்டார். வீட்டில் கொடிய வறுமை. சுந்தராம்பாள் ரயில் பெட்டியில் பாடிக் காசு வாங்கினார். அவருடைய முதல் மேடை அந்த ரயில் பெட்டிதான். பாடுறவங்களைப் பார்க்காம ஜன்னல் வழியா வெளியே பார்க்கிற கூட்டம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கணும்.

அப்படித் திரும்பிப் பார்த்த ஒருத்தர் எஃப்.ஜி.நடேச ஐயர். ரயில்வே அதிகாரி, தீவிர நாடகப் பிரியர். அவர் மூலமா அந்தச் சிறுமி வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கிடைச்ச முதல் வேஷங்களில் ஒண்ணு, நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழுகிற பிள்ளை. பசியை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கலை.

அந்தக் கால மேடையை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணுங்க. மைக் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது. ராத்திரி முழுக்க நாடகம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் பாட்டு கேட்கணும். உச்ச ஸ்தாயியில் குரல் உடையாம நிக்கணும். ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு உண்டு. நடிகர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்து நேரா மேடைக்கு வருவாங்க. சேர்ந்து ஒத்திகையே பார்த்திருக்க மாட்டாங்க. கதை எல்லாருக்கும் தெரியும்; பாட்டும் பதில் பாட்டும் அங்கேயே மோதும். நாம ஜாமிங்னு சொல்றதை அவங்க கூட்டத்துக்கு முன்னாடி விடிய விடிய செஞ்சாங்க.

சிறு வயசுலேயே அவர் இலங்கைக்குப் போயிட்டார். ஊர் ஊரா அங்கே நாடகம் ஆடினார். 1926-ல் கொழும்பில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறினார். செங்கோட்டைக்காரர் கிட்டப்பா, அவர் பாட்டுக்குக் கூட்டம் பைத்தியமா இருந்த காலம் அது. அவருக்கு எதிரே யாராலும் ஈடு கொடுத்துப் பாட முடியுமாங்கிற சந்தேகம் பலருக்கு இருந்தது. சுந்தராம்பாள் ஈடு கொடுத்தார். அதுக்கப்புறம் இந்த ஜோடி ஆடின வள்ளி திருமணம் போன்ற நாடகங்களுக்கு ஊரே திரண்டது. 1927-ல் கல்யாணமும் நடந்தது.

கிராமஃபோன் இசைத்தட்டும் அதே காலத்தில் பரவினது. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பதிவு பண்ண முடியும். விடிய விடிய பாடினவங்க மூணு நிமிஷத்துக்குள்ள முத்திரை பதிக்கணும். இரண்டு பேர் குரலும் தட்டில் ஏறி, நாடகமே வராத ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. சார்ட்னு எதுவும் அப்போ இல்லை. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் எந்தத் தட்டு சுத்துதோ, அதுதான் சார்ட்.

ஆனா வீட்டு வாழ்க்கை மேடை மாதிரி இனிக்கலை. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்தார். பிறந்த குழந்தையும் தங்கலை. மனஸ்தாபம் வந்து பிரிந்தார்கள். கிட்டப்பா உடம்பு கெட்டு, 1933 டிசம்பர் 2-ம் தேதி இறந்துபோனார். அவருக்கு வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றில் இருந்து வெள்ளைப் புடவைதான். இனி எந்த ஆணோடும் ஜோடியா நடிப்பதில்லைன்னு முடிவு எடுத்தார். மேடையை விட்டும் ஒதுங்கினார்.

இங்கே கதை முடிஞ்சிருக்கலாம். ஜோடியா பேர் வாங்கினவங்க, ஜோடி போனதும் காணாம போறது சகஜம்தானே?

சினிமாக்காரங்க தேடி வந்தாங்க. அவங்களைத் திருப்பி அனுப்பணும்னே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார்னு சொல்வாங்க. கொடுக்கிறோம்னு ஒத்துக்கிட்டாங்க! 1935-ல் வந்த நந்தனார் அந்தப் படம். அதில் அவர் போட்டது ஆண் வேஷம், நந்தனாராகவே. தன் முடிவையும் விடலை, பாட்டையும் விடலை. படத்தைக் கல்கி ஆனந்த விகடனில் நல்லா கிண்டல் பண்ணி எழுதினார். முதல் படத்துக்கே அந்த அடி.

அதுக்கும் அவர் அசரலை. 1940-ல் மணிமேகலை. 1953-ல் ஜெமினியின் ஔவையார், பெரிய வெற்றி. காங்கிரஸ் பிரசார மேடைகளிலும் பாடினார்; சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 1964-ல் பூம்புகார், மறுவருஷம் திருவிளையாடல். துணைவன் படத்தில் பாடினதுக்கு சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வந்தப்போ அவருக்கு வயசு அறுபதைத் தாண்டிடுச்சு. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ரயில் பெட்டிக்கும் அந்த ஒரு லட்சத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட இருபது வருஷம். அதில் பெரும்பகுதி, இன்னைக்கு யாருக்கும் நினைவில்லாத ஊர்களில் விடிய விடிய ஆடின நாடகங்கள். ரயில், மேடை, இசைத்தட்டு, சினிமான்னு பாடுற இடம் மாறிக்கிட்டே இருந்தது. கூடப் பாடினவரும் இல்லாம போனார். குரலை மட்டும் அவர் கீழே வைக்கவே இல்லை.

அவர் இழப்புக்கு முன்னாடி எங்க பிரச்சினை ஒண்ணுமே இல்லை. அதனால முடிவு எடுத்தாச்சு. கீபோர்டு இல்லாமலே பாடப் போறோம். கல்ச்சுரல்ஸ்ல எந்த நேரம் கொடுத்தாலும் சரி, சாப்பாட்டு நேரத்துல கூட்டம் கலையும்போது கொடுத்தாலும் சரி. நீங்க வந்து கடைசி வரிசையில் உட்காருங்க. அங்கே கேட்டுச்சா இல்லையான்னு மட்டும் உண்மையைச் சொல்லுங்க!