தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை அறியாத தமிழ் மாணவர் இலர். அந்நூலின் வகையைக் கைக்கொண்டு, கிறிஸ்து பெருமானைப் பாட்டுடைத் தலைவராக்கிப் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தேவசகாயம் என்பாருக்கு மைந்தராய்ப் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் ஐயர் இவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் இவருடன் பயின்றவராவர். தரங்கம்பாடியிலும் கற்றுத் தேர்ந்து, இளமையிலேயே தஞ்சை மிஷன் பாடசாலைத் தலைமை உபாத்தியாயரானார்.

அக்காலத்துத் திருச்சபை இசை எத்தகையது? 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்த லுத்தரன் குருமாரும் ஜெர்மானிய ஞானப்பாட்டுக்களைத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டிலேயே பாடுவித்தனர். இசைப்புலவர் பாக் நான்கு குரல்களில் அமைத்துப் புகழ்பெற்றவை அவ்வகை மெட்டுக்களே. அவை மாண்புடையனவேனும், பிறநாட்டு அளவினுள் தமிழ்ச் சொல் நெருக்குண்டு நின்றது. சாஸ்திரியாரோ இராக தாளங்களோடு கூடிய கீர்த்தனைகளையும், கும்மி, நாடகம் முதலிய பாமரர் அறிந்த வகைகளையும் கையாண்டார். 1800-ஆம் ஆண்டினதாகிய குறவஞ்சியில் தேவமோகினி என்னும் கன்னி பெத்லகேம் நாதர்மேற் காதல் கொள்ள, விசுவாசமாகிய குறத்தி குறி கூறுகின்றாள். ஞானச்சிங்கன் ஆன்மாக்களாகிய பறவைகளைப் பிடிக்கின்றான். கோப்பர்னிக்கஸ் கண்ட வானநூலும் அதனுள் இடம்பெற்றது.

பின்வந்த குருமார் சிலர் வேதமொழிபெயர்ப்பை மாற்றவும், ஜாதி வேற்றுமையை ஒழிக்கவும், விசேஷங்களில் மலரை விலக்கவும், ஆலயத்தில் தமிழ்ச் சங்கீதத்தை நிறுத்தவும் முற்பட்டனர். இந்நான்கையும் கொடுமைகளென்று சாஸ்திரியார் எதிர்த்தெழுதினார். 1829-இல் உத்தியோகத்தை இழந்தார். சரபோஜி மன்னர் 1832-இல் மறையுமளவும் அவரை ஆதரித்தார்.

ஜாதியைக் குறித்து அவர் கொண்ட கொள்கை யாம் ஏற்கத்தக்கதன்று. ஒரே ஆலயத்தில் ஒருங்கே அமரல் வேண்டுமென்ற குருமார் நியாயத்தின்பாற் பட்டவரே. ஆயின் இசையைக் குறித்த வழக்கில் காலம் சாஸ்திரியார்க்கே தீர்ப்பளித்தது. 1853-இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் அவருடைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். விலக்கப்பட்ட இசை புத்தக வடிவில் மீளக் கண்ட பின்னரே, 1864-இல், எண்பத்தொன்பது வயதினராய் அவர் காலஞ்சென்றார்.

இன்றும் தமிழ்நாட்டு ஆலயங்களில் ஜெர்மானிய ஞானப்பாட்டும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. ஒன்றற்கு மற்றொன்று இடையூறன்று என்பதை அவ்வொலியே காட்டும்.