ஓசையும் பேச்சும்

பிலிமத்தலாவைக் கடைவீதியில் இயந்திரக் குரற்பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் ஹோமர் டட்லியை நினைக்கின்றேன். 1896இல் அமெரிக்காவில் பிறந்த அவர், பெல் ஆய்வுக்கூடப் பொறியியலாளர். தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்பவே 1928இல் 'வோகோடர்' முயற்சியைத் தொடங்கினார்.

தொண்டை எழுப்புவது வெறும் ஓசை. அதைச் சொல்லாக்குபவை நாவும் இதழுமே என்று அவர் தெளிந்தார். ஆகவே பேச்சைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பகுத்து, அவற்றின் வலிமையை அனுப்பி, மறுமுனையில் செயற்கை ஓசைகொண்டு மீண்டும் பேச்சாக்கினார். இரண்டாம் உலகப் போரில் இரகசிய உரையாடலைக் காத்த அம்முறை, 1970களில் ஜெர்மானியக் கிராஃப்ட்வெர்க் குழுவினரிடம் இசையாயிற்று. 1980இல் டட்லி மறைந்தார்.

நோயால் குரல்வளையை இழந்த என் தந்தையார், கழுத்தில் அதிர்கருவியை அழுத்திப் பேசியபோது சிறுவர் நகைத்தனர், நானும் நாணினேன். ஓசைதான் கருவியினுடையது; பேச்சு அவருடையதே. இதனை டட்லியின் வரலாறு எனக்குக் காலந்தாழ்த்தியே உணர்த்தியது.