இருபது ஆண்டுகள் கேட்கப்படாத உண்மை

சர்வதேசப் பொதுச் சுகாதாரத்தையும் ஸ்பானிய மொழியையும் இணைத்துக் கற்பிக்கும் பட்டப்படிப்புகள் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் உள்ளன. அத்தகைய படிப்பு ஒன்றில் மாணவனாக இருந்தபோது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நோய்ப்பரவலையும் புள்ளியியலையும் கற்க வந்தவன், ஸ்பானிய வினைச்சொற்களின் விகுதிகளை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? தேவையான எதுவும் ஆங்கிலத்தில் கிடைத்துவிடுமே என்று எண்ணினேன். அந்த எண்ணத்தை மாற்றியது, 1915-ஆம் ஆண்டில் மறைந்த கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லேயின் வாழ்க்கை.

ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கியூபாவில், இன்று காமகுவே என அழைக்கப்படும் ஊரில், 1833 டிசம்பர் 3 அன்று அவர் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்து மரபினர். தாய் பிரெஞ்சு மரபினர். சிறுவயதில் பிரான்சுக்குப் படிக்க அனுப்பப்பட்டார். அங்கு நரம்பு நோய் ஒன்றுக்கு ஆளாகி மீண்டபோது, பேச்சில் திக்கல் நிலைத்துவிட்டது. பல மொழிகள் அறிந்திருந்தும், எந்த மொழியிலும் தடையின்றிப் பேச இயலாதவராக அவர் வாழ்நாளைக் கழித்தார். 1855-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஹவானாவில் மருத்துவராகப் பணிபுரியத் தொடங்கினார்.

அந்நாளில் ஹவானா என்றாலே கப்பல் மாலுமிகள் அஞ்சினர். அங்கு மஞ்சள் காய்ச்சல் நிலைகொண்டிருந்தது. உடல் மஞ்சளாகி, இரத்தம் கலந்து கறுப்பாக வாந்தி எடுத்து நோயாளிகள் இறந்தனர். ஸ்பானியத்தில் அந்நோய்க்குக் கருவாந்தி என்னும் பொருளில் 'வோமித்தோ நெக்ரோ' என்றே பெயர். வணிகக் கப்பல்களோடு அது அமெரிக்கத் துறைமுகங்களுக்கும் சென்றது. 1878-இல் மெம்பிஸ் நகரில் மட்டும் ஏறத்தாழ 5,000 பேர் அதற்குப் பலியாயினர்.

நோயாளியின் ஆடை, படுக்கை, மாசடைந்த காற்று ஆகியவற்றால் அது பரவுவதாக மருத்துவ உலகம் நம்பியது. ஃபின்லேகூடத் தொடக்கத்தில் காற்றின் காரத்தன்மையே காரணம் என்று கருதி, அதற்காகப் பல ஆண்டுகள் அளவீடுகள் செய்தார். சான்றுகள் துணைநிற்கவில்லை என்று கண்டதும் தம் கொள்கையைத் தாமே கைவிட்டார். சொந்தக் கருத்தைக் கைவிடும் துணிவு அறிஞர்களிடமும் அரிதாகவே காணப்படுவது.

1879-இல் அமெரிக்க அரசு அனுப்பிய மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக் குழு ஹவானா வந்தபோது, அதனோடு இணைந்து பணியாற்ற ஃபின்லே நியமிக்கப்பட்டார். இந்நோய் இரத்த நாளங்களைத் தாக்குவது என்றால், ஒருவரின் இரத்தத்திலிருந்து மற்றொருவரின் இரத்தத்துக்கு நோயை ஊசிபோல் கொண்டுசெல்லும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1881 பிப்ரவரியில் வாஷிங்டனில் கூடிய சர்வதேசச் சுகாதார மாநாட்டில் இக்கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று, ஹவானா அறிவியல் கழகத்தில் அந்தக் கடத்தியின் பெயரையும் அறிவித்தார். அது கொசு.

எந்தக் கொசு என்பதிலும் அவர் தவறவில்லை. வீடுகளிலும் வீடுகளைச் சுற்றிலும் தேங்கும் நீரில் பெருகி, பகலில் கடிக்கும் அக்கொசுவை இன்று ஏடிஸ் எஜிப்டி என்கிறோம். முட்டையிட இரத்தம் தேவைப்படுவதால் பெண் கொசுவே கடிக்கிறது. குளிரும் உயரமும் மிகுந்த இடங்களில் அது முடங்குகிறது. நோயும் அவ்விடங்களில் பரவுவதில்லை. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டியும் அறிவுலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை.

அவர் ஸ்பானியத்தில் எழுதியதால்தான் இந்நிலை என்று முதலில் நான் நினைத்தேன். அது முழு உண்மை அன்று. 1879-ஆம் ஆண்டுக் குழுவோடு ஹவானா சென்றவர்களுள் ருடால்ஃப் மாதாஸ் என்ற மருத்துவ மாணவரும் ஒருவர். ஸ்பானியப் பெற்றோருக்கு லூசியானாவில் பிறந்த அவர், ஃபின்லேயின் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1882-இல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஆங்கிலம் அறிந்த மருத்துவர்களின் கைக்கே கட்டுரை வந்துவிட்டது. என்றாலும், குடியேற்ற நாடொன்றின் திக்குவாய் மருத்துவர் சொல்வதற்குச் செவிகொடுப்பார் இல்லை. சொற்கள் மொழிபெயர்ந்தன; மதிப்பு மொழிபெயரவில்லை.

ஃபின்லேயின் ஆய்விலும் ஒரு குறை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொசுக்கடிக்கு உள்படுத்தியும், ஐயத்துக்கு இடமின்றி அவரால் தம் கொள்கையை நிறுவ முடியவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவை அவர் சில நாள்களிலேயே மற்றவரைக் கடிக்கவிட்டார். கொசுவின் உடலில் கிருமி பெருகி, நோயைக் கடத்தும் நிலையை எட்ட ஏறத்தாழ 12 நாள்கள் ஆகும். முதல் நோயாளிக்கும் அடுத்து நோயுறுவோருக்கும் இடையே இத்தகைய இடைவெளி இருப்பதை, மிசிசிப்பி கிராமங்களில் 1898-இல் கவனித்தவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற அமெரிக்க மருத்துவர். அமெரிக்க மருத்துவர்கள் ஃபின்லேயோடு அமர்ந்து பேச முற்பட்டிருந்தால், இந்தக் குறை எவ்வளவோ முன்பே நீங்கியிருக்கக்கூடும்.

அப்பேச்சு நிகழ ஒரு போர் தேவைப்பட்டது. 1898-இல் ஸ்பெயினை வென்று கியூபாவைக் கைப்பற்றிய அமெரிக்கா, குண்டுகளைவிட நோய்களுக்கே அதிகமான வீரர்களை இழந்தது. 1900-இல் வால்டர் ரீட் தலைமையில் ராணுவ மருத்துவக் குழு ஹவானா வந்தது. மற்ற வழிகள் பலன் தராத நிலையில் அக்குழு ஃபின்லேயை நாடியது. இருபதாண்டு அலட்சியத்தை மனத்தில் கொள்ளாமல், தாம் வளர்த்த கொசுக்களின் முட்டைகளை அவர் அவர்களிடம் கொடுத்தார். குழு உறுப்பினர் ஜெஸ்ஸி லசியர், அந்த ஆய்வுக் காலத்திலேயே நோய்க்கு ஆளாகி 1900 செப்டம்பர் 25 அன்று இறந்தார். அந்த ஆண்டின் இறுதிக்குள் கொசுவே கடத்தி என்பது உறுதியாயிற்று.

அச்சோதனைகளில் உடன்பட்டவர்களுள் பலர் ஸ்பெயினிலிருந்து பிழைப்பு தேடிப் புதிதாக வந்த ஏழைகள். அவர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. சோதனைக்கு உடன்பட்டால் 100 டாலர் பொன்னாக வழங்கப்படும்; நோய் வந்தால் மேலும் 100 டாலர். இத்தீவில் இருக்கும்வரை எப்படியும் இந்நோய் தொற்றவே செய்யும் என்ற வாதமும் அதில் இடம்பெற்றது. மருத்துவ ஆய்வுக்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற முன்னோடி ஆவணங்களுள் ஒன்று அது. ஏழையின் மொழியிலேயே பேசியது அதன் நேர்மை. அவன் வறுமையோடு பேரம் பேசியது அதன் நெருடல். இரண்டையும் ஒருசேர உணர, அதை அவனுடைய மொழியிலேயே படித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

லசியரின் நினைவாக அமைக்கப்பட்ட முகாமில் சோதனைக்கு உள்பட்ட தன்னார்வலர் எவரும் இறக்கவில்லை. ஆனால் 1901-இல் ஹவானாவில் தொடர்ந்து நடந்த சோதனைகளில் மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கிளாரா மாஸ் என்ற 25 வயதுச் செவிலியர்.

அதன் பிறகு நடந்தவை விரைவானவை. வில்லியம் கோர்காஸ் தலைமையில் வீடுதோறும் நீர்த்தொட்டிகள் மூடப்பட்டன. தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது. 1901-இன் இறுதிக்குள் ஹவானாவை விட்டு நோய் அகன்றது. பனாமா கால்வாயை வெட்ட முயன்ற பிரெஞ்சுக்காரர்களின் பணியில் நோய்களால் 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. பின்னர் அமெரிக்கர்கள் அக்கால்வாயை வெட்டி முடித்ததற்கு, கோர்காஸ் அங்கு நடத்திய கொசு ஒழிப்பே அடிப்படை.

புகழ் பெரும்பாலும் ரீட் பெயருக்குச் சென்றது. வாஷிங்டனின் பெரிய ராணுவ மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. 1902 முதல் 1909 வரை கியூபாவின் தலைமைச் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றிய ஃபின்லே, ஏழு முறை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அதைப் பெறவில்லை. 1915 ஆகஸ்ட் 20 அன்று ஹவானாவில் காலமானார். செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் மலேரியாவின் கொசு வழியைக் கண்டறிந்ததும், 1897-இல் இதே ஆகஸ்ட் 20 அன்றுதான். உலகக் கொசு நாளாக அந்த நாளை நாம் நினைவுகூரும்போது, கியூப மருத்துவரையும் எண்ணிப் பார்ப்பது நன்றிக்கடன். அவர் பிறந்த டிசம்பர் 3, லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஃபின்லே சுட்டிக்காட்டிய அதே கொசுதான் இன்று தமிழகத்தில் டெங்குவைப் பரப்புகிறது. நம் நகரங்களின் கட்டுமானத் தளங்களில் ஹிந்தியும் வங்கமும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களின் மொழியில் அறிவிப்புப் பலகை வைப்பது எளிது, அதுவும் தேவையே. ஆனால், எந்தத் தொட்டியில் புழு நெளிகிறது, எந்தக் கொட்டகையில் காய்ச்சல் தொடங்கியது என்பதை முதலில் அறிபவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் அதைக் கேட்டறியும் வழி நம்மிடம் இருக்கிறதா?

பொதுச் சுகாதாரம் பயில்வோர் பிற மொழி கற்பது, நாம் சொல்ல விரும்புவதைப் பிறருக்குச் சொல்வதற்காக மட்டும் அன்று. பிறர் சொல்வதை மதித்துக் கேட்பதற்காக. திக்கித் திக்கிப் பேசிய ஒருவருக்குச் செவிகொடுக்க உலகுக்கு இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளில் கருவாந்திக்குப் பலியானவர்களை எண்ணும்போது, கேளாமையும் ஒரு கொள்ளைநோய் என்றே எனக்குத் தோன்றுகிறது.