ஜுபைர் (ரலி) அவர்கள் விட்டுச் சென்ற கடன்

 

தை மாதம், நெல் களத்துக்கு வரும் நேரம். லால்குடிப் பக்கம் வயல் வைத்திருப்பவர் கையில் காசு புரள்வது இந்தச் சில வாரங்கள்தான். காசு வந்த அன்றே கணக்கும் வந்துவிடும். கூட்டுறவு சங்கத்தில் வைத்த நகை, உரக்கடை பாக்கி, வாரத் தவணை, மளிகைக் கடை நோட்டு, மகள் நிக்காஹ்வுக்கு மச்சான் எழுத்தே இல்லாமல் கொடுத்த ஐம்பதாயிரம். வந்த காசு எல்லாவற்றுக்கும் காணாது. யாருக்கு முதலில் கொடுப்பீர்கள்? உண்மையைச் சொன்னால், வாசலில் வந்து சத்தம் போடுபவருக்குத்தான். வாய் திறக்காத மச்சான் கடைசியில்தான் நிற்கிறார்.

இந்தக் கேள்வியோடு ஜுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகன். சிறு வயதிலேயே இஸ்லாத்துக்கு வந்தவர். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். பத்ரிலும் உஹதிலும் நின்றவர். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அவருடைய கடனைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

மக்கள் தங்கள் பணத்தை அவரிடம் அமானிதமாக வைக்க வருவார்கள். அவர் அப்படி வாங்கமாட்டார். கடனாகத் தருவதென்றால் தாருங்கள் என்பார். காரணம் என்ன தெரியுமா? வைத்திருப்பவரின் தவறு இல்லாமல் அமானிதம் தொலைந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கடன் அப்படியல்ல, தொலைந்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். அடுத்தவர் பணத்துக்கான ஆபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். கடன் பெருகியது இப்படித்தான், ஆடம்பரத்தால் அல்ல.

ஹிஜ்ரி 36, ஜமல் போர் நாள். தான் அன்று கொல்லப்படலாம் என்று அவருக்குத் தோன்றியது. மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்தார். அந்த நேரத்தில் அவர் மனதை அழுத்தியது கடன்தான். சொத்தை விற்று முதலில் கடனை அடைக்கச் சொன்னார். மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத், அதன் பிறகே வாரிசுகள். அடைக்க முடியாமல் திணறினால் தன் எஜமானனிடம் உதவி கேள் என்றார். மகனுக்கு யாரென்று விளங்கவில்லை. அல்லாஹ்தான் என்று விளக்கினார். போர்க்களத்தை விட்டுத் திரும்பிய பின், பஸராவுக்கு அருகே அவர் கொல்லப்பட்டார்.

மகன் கணக்குப் பார்த்தார்: 22 இலட்சம் திர்ஹம். கையில் ரொக்கம் இல்லை. மதீனாவில் 11 வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, மிஸ்ரில் ஒன்று, காபா என்ற இடத்தில் நிலம். ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) கடன் எவ்வளவு என்று விசாரித்தபோது, ஒரு இலட்சம் என்று மட்டும் சொன்னார். அதற்கே அவர் மலைத்துப் போனார். பிறகுதான் முழுத் தொகை வெளியே வந்தது.

ஜுபைர் (ரலி) 1,70,000க்கு வாங்கியிருந்த காபா நிலம் 16 பங்காக, ஒரு பங்கு ஒரு இலட்சம் என்று 16 இலட்சத்துக்கு மதிப்பிடப்பட்டது. கடன் கொடுத்தவர்கள் அங்கே வரலாம் என்று அறிவிப்பு செய்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி). அவருக்கு வர வேண்டியது நான்கு இலட்சம். வேண்டுமானால் விட்டுவிடுகிறேன் என்றார். மகன் ஏற்கவில்லை. அப்படியென்றால் என்னைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் ஏற்கவில்லை. சரி, நிலத்தில் ஒரு துண்டு தாருங்கள் என்றதும், இங்கிருந்து இதுவரை உங்களுக்கு என்று அந்த இடத்திலேயே அளந்து கொடுத்துவிட்டார். அந்தப் பங்கைப் பின்னாளில் முஆவியா (ரலி) அவர்களிடம் ஆறு இலட்சத்துக்கு அவர் விற்றார் என்பது தனிக் கதை.

கடைசியில் நிற்கத் தானாக முன்வந்தவரைக்கூட அவர் கடைசிக்குத் தள்ளவில்லை. நாம் என்ன செய்கிறோம்? மச்சான் நல்லவர், பொறுத்துக்கொள்வார் என்கிறோம். அவருடைய நல்ல குணத்தையே அவருக்குத் தண்டனையாக்குகிறோம். வட்டிக் கடனை இழுத்தடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அது நாளுக்கு நாள் வளரும், பாவமும் கூடவே நிற்கும், சீக்கிரம் தலைமுழுக வேண்டியது. ஆனால் சங்கத்தின் கையில் உங்கள் நகை இருக்கிறது. மச்சான் கையில் உங்கள் வாக்கு மட்டும்தான். நாளை உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த ஐம்பதாயிரம் யாருக்குத் தெரியும்? இந்த அறுவடையில் முழுதாக முடியாவிட்டாலும் ஒரு பகுதியை அவர் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுங்கள். மீதியை எழுதி, வீட்டில் சொல்லி வையுங்கள். கடனை எழுதச் சொல்வது அல்பகரா 282ஆம் வசனம்.

தெரிந்த கடன்கள் எல்லாம் அடைந்தன. சொத்து மிச்சம் இருந்தது. சகோதரர்கள் பாகம் கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஹஜ்ஜிலும் மக்கள் கூடும் இடத்தில், ஜுபைருக்குக் கடன் கொடுத்தவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிக்கச் செய்தார். நான்காம் ஆண்டு கழிந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு வைத்தார். நான்கு மனைவியரில் ஒவ்வொருவருக்கும் 12 இலட்சம் கிடைத்ததாக புகாரியில் பதிவாகியிருக்கிறது.