கண்ணாடி தீட்டிய அநாதைப் பையன்



சூரியனுக்குள் என்ன இருக்கிறது? இரும்பா, உப்பா, வெறும் நெருப்பா? அங்கே போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. போகவும் முடியாது. ஆனாலும் சூரியனில் இன்னின்ன பொருள் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் பட்டியல் போட்டுச் சொல்கிறார்கள். எட்டாத தூரத்து நட்சத்திரங்களுக்கும் அப்படியே சொல்கிறார்கள். இதற்கு வழி திறந்துவிட்டவர்களில் முதன்மையானவர் காலேஜுக்குப் போன பெரிய வீட்டுப் பிள்ளை அல்ல. சம்பளமே இல்லாமல் வேலை பார்த்த ஒரு பட்டறைப் பையன். ஜோசப் பிரௌன்ஹோபர் என்பது அவர் பெயர்.

ஜெர்மனியின் பவேரியா பகுதியில் ஸ்ட்ராபிங் என்று ஓர் ஊர். அங்கே 1787-ம் ஆண்டு மார்ச் 6-ம் தேதி அவர் பிறந்தார். வீட்டுக்கு 11-வது பிள்ளை. தகப்பனாருக்குக் கண்ணாடி வேலை. பையனுக்குப் பத்து வயதில் தாய் கண்ணை மூடினாள். மறு வருடமே தகப்பனும் போய்விட்டார். 11 வயதில் ஜோசப் அநாதை.

மரம் கடையும் வேலைக்கு விட்டுப் பார்த்தார்கள். உடம்பில் தெம்பு இல்லை, முடியவில்லை. பிறகு மியூனிக் நகரத்தில் முகக்கண்ணாடி செய்யும் பட்டறை ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். வேலை கற்றுக்கொள்ளப் பணம் கட்ட வேண்டும். இவனிடம் ஏது பணம்? அதற்குப் பதிலாக ஆறு வருடம் சம்பளம் இல்லாத வேலை என்று ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

வேலைப் பையன்களுக்கு லீவு நாளில் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் ஒன்று அந்த நகரத்தில் இருந்தது. முதலாளி அதற்கும் விடவில்லை. புத்தகம் படிப்பதும் அவருக்குப் பிடிக்காது. கண்ணாடி தீட்டுகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்பது அவர் எண்ணம்.

1801-ம் ஆண்டு ஜூலை 21-ம் தேதி பட்டறை இருந்த வீடு இடிந்து தரைமட்டமானது. முதலாளியின் மனைவி அந்த இடத்திலேயே இறந்துபோனார். 14 வயது ஜோசப் இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டான். பல மணி நேரம் தோண்டித்தான் அவனை உயிரோடு வெளியே எடுத்தார்கள். அந்த நாட்டை ஆண்ட மாக்ஸிமிலியன் நேரிலேயே வந்து பார்த்தார். பையன் பிழைத்த சந்தோஷத்தில் 18 தங்கக் காசு கொடுத்தார். அங்கே வந்திருந்த உட்ஷ்னைடர் என்ற பிரமுகர் கணக்குப் புத்தகங்களும் ஒளியைப் பற்றிய புத்தகங்களும் கொடுத்து உதவினார்.

காசு கைக்கு வந்ததும் பையன் என்ன செய்தான்? நல்ல சட்டை வாங்கினானா, தின்று தீர்த்தானா? இல்லை. கண்ணாடி தீட்டும் இயந்திரம் ஒன்று வாங்கினான். ஒப்பந்தத்தில் பாக்கியிருந்த மாதங்களுக்குப் பணத்தைக் கட்டித் தன்னையே மீட்டுக்கொண்டான். சொந்தத் தொழில் செய்து பார்த்தான், அது எடுபடவில்லை. மறுபடியும் கூலி வேலைக்கே போனான். ஆனால் புத்தகத்தை மட்டும் விடவில்லை.

1806-ல், 19 வயதில், உட்ஷ்னைடர் பங்காளியாக இருந்த கருவிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சில வருடங்களிலேயே பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊரில் இருந்த கண்ணாடி உலை முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது. தூரதரிசினிக்கு வேண்டிய கண்ணாடியில் ஒரு கீறல், ஒரு அலை இருக்கக்கூடாது. ஒவ்வொரு கண்ணாடியும் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். முப்பட்டைக் கண்ணாடி வழியாக வெயிலை விட்டால் வானவில் மாதிரி ஏழு நிறம் விழும். சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியுமா? அடையாளம் இல்லாமல் எப்படி அளப்பது?

1814-ல் இருட்டறையில் மெல்லிய இடுக்கு வழியாக வெயிலை விட்டு, அந்த நிறப்பட்டையைத் தூரதரிசினி வைத்துப் பார்த்தார். நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள்! வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களில் இங்கொன்றும் அங்கொன்றும் பட்டுப்போனால் இடைவெளி தெரியுமே, அந்த மாதிரி. இங்கிலாந்தில் வொலாஸ்டன் என்பவர் 1802-லேயே இப்படிச் சில கோடுகளைப் பார்த்திருந்தார். அவை நிறங்களுக்கு நடுவே உள்ள எல்லை என்று நினைத்து விட்டுவிட்டார். நம்ம ஆள் விடவில்லை. கண்ணாடியில் குற்றமோ என்று மாற்றி மாற்றிச் சோதித்தார். கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 500-க்கும் மேற்பட்ட கோடுகளை எண்ணினார். முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயர் வைத்தார். விடிவெள்ளியைப் பார்த்தார், சூரியனின் அதே கோடுகள். அது சூரிய ஒளியைத்தானே திருப்பி அனுப்புகிறது! சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தார். அங்கே கோடுகள் வேறு மாதிரி. நட்சத்திரம் எல்லாம் ஒரே சரக்கு இல்லை என்பதற்கு அது முதல் சாட்சி.

கோடுகள் ஏன் வருகின்றன என்பது அவர் காலத்தில் தெரியவில்லை. 1859-ல் கிர்க்காப், புன்சன் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் அதை விளக்கினார்கள். தாய்மார்களே, சோற்றுப் பானை பொங்கி உப்புத்தண்ணீர் கேஸ் அடுப்பில் வழிந்தால் நெருப்பு மஞ்சளாகிறது அல்லவா? அது உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிச் சொந்த நிறம் உண்டு. சூரியனைச் சுற்றியுள்ள ஆவியில் சோடியம் இருப்பதால், உள்ளிருந்து வரும் ஒளியில் அந்த மஞ்சளை மட்டும் அது விழுங்கிவிடுகிறது. அந்த இடம்தான் கறுப்புக் கோடு. கோடு ஒவ்வொன்றும் ஒரு பொருளின் கைநாட்டு!

1868-ல் சூரிய ஒளியை ஆராய்ந்தபோது, பூமியில் யாரும் அறியாத ஒரு பொருளின் கோடு தெரிந்தது. ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். அதே பொருள் பூமியில் அகப்பட்டது 1895-ல்தான். தூரத்து நட்சத்திரக் கூட்டங்களின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை வைத்துத்தான், 1929-ல் ஹபிள் அவற்றின் தூரத்தையும் வேகத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு அதுவே பெரிய ஆதாரமானது.

இவ்வளவுக்கும் விதை போட்டவருக்கு என்ன மரியாதை கிடைத்தது? பவேரிய அறிவியல் கழகத்தில் சேர்க்க வேண்டும் என்றபோது, பட்டம் இல்லாத கைவேலைக்காரன் என்று சிலர் தடுத்தார்கள். பிறகுதான் இடம் கிடைத்தது. 1822-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1824-ல் பிரபுப் பட்டம் தந்தவர், இடிபாட்டின் பக்கத்தில் நின்ற அதே மாக்ஸிமிலியன். அப்போது அவர் மன்னர். அதே 1824-ல் பிரௌன்ஹோபர் செய்த பெரிய தூரதரிசினி டோர்பாட் வானாய்வு நிலையத்துக்குப் போனது. அதை வைத்து ஸ்ட்ரூவ என்ற வானியலார் 3,000-க்கும் அதிகமான இரட்டை நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டார்.

ஆனால் உடம்பு தாங்கவில்லை. வருடக்கணக்காக உலைச் சூட்டிலும் புகையிலும் நின்றவரைக் காசநோய் பிடித்தது. 1826 ஜூன் 7-ம் தேதி, 39 வயதில் காலமானார்.

தோழர்களே, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வீடு இடிந்து விழுந்ததால்தான் அந்தப் பையன் கைக்குப் புத்தகம் வந்தது. வீடு இடியாத பட்டறைகளில் எத்தனை ஜோசப்கள் கண்ணாடி தீட்டியே செத்திருப்பார்கள்? நம் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்க ஒரு வீடு இடிய வேண்டியதில்லை. பிள்ளையைப் பாதியில் நிறுத்தி வேலைக்கு அனுப்பினால் மாதம் கொஞ்சம் காசு வரும், உண்மைதான். அந்தக் காசுக்காக எதை விற்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். பிள்ளை புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால், டிவியைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள்.