வெட்டிய வரிகளில் பிறந்த ஓவியங்கள்

கீதாஞ்சலியை எழுதியவர், நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில் ரவீந்திரநாத் தாகூரை நாம் எல்லோரும் அறிவோம். 1934ஆம் ஆண்டு, தமது 73ஆவது வயதில், அவர் சாந்திநிகேதன் மாணவர் குழுவுடன் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தையும் பார்த்துச் சென்றார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் பயணத்தின் இடையில், கண்டியில் தங்கியிருந்த நாட்களில் ஒரு நாவலையும் எழுதி முடித்தார். இவருக்கு மட்டும் நேரம் எங்கிருந்து கிடைத்தது? அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது இந்தக் கேள்விதான்.

தாகூர் 1861 மே 7ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை தேவேந்திரநாத், உருவமற்ற ஒரே இறைவனை வணங்கும் பிரம்ம சமாஜத்தின் தலைவர்களில் ஒருவர். பாரசீகக் கவி ஹாபிஸின் பாடல்களில் மிகுந்த பற்றுடையவர். 1873இல் அவர் தம் மகனை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். விடியுமுன் எழுந்து தந்தை தனியாக வழிபடுவதை அங்கே சிறுவன் பார்த்தான். பிற்காலத்தில் அவனும் அதிகாலையில் எழுந்து மௌனமாக அமரும் வழக்கத்தைக் கைக்கொண்டான். 1932இல் ஈரானுக்குப் போனபோது ஷிராஸ் நகரில் ஹாபிஸின் அடக்கத்தலத்தையும் தரிசித்தார். தந்தையிடம் கண்ட பற்று மகனிடமும் தொடர்ந்தது.

அவருடைய வாழ்க்கை ஓய்வான வாழ்க்கையல்ல. 1901இல் சாந்திநிகேதனில் ஒரு சிறிய பாடசாலையைத் தொடங்கினார். அதை நடத்த அவருடைய மனைவி மிருணாளினி தம் நகைகளைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்தார். 1903இல் ஒரு மகளும், 1905இல் தந்தையும், 1907இல் இளைய மகனும் மறைந்தனர். ஆனாலும் பாடசாலை நடந்தது, பாடல்களும் பிறந்தன. தம் வாழ்நாளில் அவர் இயற்றிய பாடல்கள் 2,000க்கும் மேல். துயரம் நிறைந்த அந்த ஆண்டுகளில் அவரை நிலைகுலையாமல் வைத்தது அதிகாலை மௌனம்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஓவியம் அவரிடம் மிகவும் பிந்தியே வந்தது. கவிதை எழுதும்போது பிடிக்காத வரிகளை வெட்டுவார். வெட்டிய இடங்கள் தாளில் அலங்கோலமாகக் கிடப்பதைச் சகிக்காமல், அவற்றைக் கோடுகளால் இணைப்பார். அந்தக் கோடுகள் பறவையாகவும் விலங்காகவும் முகமாகவும் மாறின. 1924இல் ஆர்ஜென்டினாவில் நோயுற்றுத் தங்கியிருந்தபோது, அங்கு அவரை உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்தக் கையெழுத்துப் பிரதியின் கீறல்களைக் கண்டு வியந்தார். 1930இல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க அவரே உதவினார். ஓவியக் கல்லூரி எதிலும் பட்டம் பெறாத தாகூர் 2,000க்கும் அதிகமான ஓவியங்களை விட்டுச் சென்றார்.

இங்கேதான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. எழுத்துக்கு ஒரு பங்கு, ஓவியத்துக்கு ஒரு பங்கு, வழிபாட்டுக்கு ஒரு பங்கு என்று அவர் நாளைக் கூறுபோடவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்தது. இது நமக்குப் புதிதும் அல்ல. அறபு எழுத்தணிக் கலையில் இறைவசனமே எழுத்தாகிறது, எழுத்தே ஓவியமாகிறது. ஸுபஹ் முதல் இஷா வரை ஐவேளைத் தொழுகை நம் நாளுக்கு முன்பே ஓர் ஒழுங்கைத் தந்திருக்கிறது.

நானும் படம் கீறுவேன், கவிதை எழுதுவேன். உயர்தர வகுப்புக்கு வந்த பின்னர், சோதனை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்ற சொல்லை வீட்டிலும் வெளியிலும் கேட்கிறேன். அந்தக் கவலையின் வேர் எனக்குத் தெரியும். 1990இல் வெறுங்கையோடு வெளியேறி, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்புத்தான் சொத்து.

தாகூர் செல்வக் குடும்பத்து ஆண், சமையலறை அவரை அழைக்கவில்லை என்று யாரும் சொன்னால் அதுவும் உண்மையே. ஆனால் அதே குடும்பத்தில் பெண்களும் இருந்தார்கள். அவருடைய மூத்த சகோதரி சுவர்ணகுமாரி தேவி நாவல்கள் எழுதினார், பாரதி என்ற சஞ்சிகையின் ஆசிரியராகவும் இருந்தார். அவருக்கு மகள் முறையான சுனயனி தேவி ஏறக்குறைய முப்பது வயதில், ஆசிரியர் எவருமின்றி, வீட்டுக் கடமைகளுக்கு நடுவே வரையத் தொடங்கி, இந்திய ஓவிய வரலாற்றில் இடம்பிடித்தார்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதல்ல. படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. பாடக்கொப்பியின் ஓரத்தில் ஒரு பூ மலர்ந்திருந்தால், மகள் நேரத்தை வீணாக்கினாள் என்று உடனே எண்ணிவிடாதீர்கள். தோழியரே, ஸுபஹ் தொழுத பின் கிடைக்கும் அந்த அமைதியான அரைமணி நேரத்தைக் கைபேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் ஒரு பக்கம் படியுங்கள், நான்கு வரி எழுதுங்கள். பிடிக்காத வரியை வெட்டினால், வெட்டிய இடத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.