துணைக்கு அழைத்தவர் எழுப்பிய கோட்டை

எத்தாளையிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும்போது ஒல்லாந்தர் கோட்டையைக் கண்டிருப்பீர்கள். 1667ஆம் ஆண்டில் தொடங்கி 1676இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோட்டை, அவர்களைத் துணைக்கு அழைத்த அரசரையே முடக்கிவைத்தது. அவர்தாம் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன்.

1608இல் பிறந்த அவர், மன்னாரில் போர்த்துக்கேயரிடம் வளர்ந்து திருமுழுக்குப் பெற்ற டோனா கத்தரீனா அரசியின் மகன். போர்த்துக்கேய மொழியை நன்கறிந்தவர். எனினும் கரையோரத்தினின்று அவர்களை அகற்றுவதே அவரது வாழ்நாள் வேட்கையாயிற்று. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் அவர்களது படையை முறியடித்தார். மே மாதத்தில் ஒல்லாந்தருடன் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றி, உடன்படிக்கை செய்துகொண்டார். பிடிபடும் கோட்டைகளில் அரசர் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்பது அவர் கொண்ட பொருள். ஒல்லாந்தரின் பிரதியிலோ அந்த நிபந்தனை இடம்பெறவில்லை!

1640இல் காலியும் நீர்கொழும்பும் ஒல்லாந்தர் வசமாயின. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது, உடன் போரிட்ட அரசரின் படைக்கே வாயில் அடைக்கப்பட்டது. 1659இல் கற்பிட்டியும் பறிபோக, புத்தளக் களப்பின் வழியே கண்டிக்கு நடந்த வணிகம் அவர்கள் பிடிக்குள் வந்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைச் சொல்வதுண்டு.

யூதா மன்னர் ஆகாசும் பகைவருக்கு அஞ்சி அசீரிய வேந்தனின் துணையை நாடினார். வந்தவன் உதவாமல் அவரை நெருக்கினான் என்பதை இரண்டாம் குறிப்பேடு நூலின் 28ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். காணி வழக்கிலோ குடும்பப் பிணக்கிலோ எதிராளியை வீழ்த்தும் அவசரத்தில், நாம் யாருடைய கையைப் பற்றுகிறோம் என்று எண்ணிப் பார்க்கிறோமா?

வஞ்சிக்கப்பட்ட இராஜசிங்கன் அதன்பின் எவரையும் எளிதில் நம்பவில்லை. தூதராக வந்தோரையும் தடுத்துவைத்தார். 1664இல் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் தம்மவர்மீதே ஐயமுற்றுக் கொடுமை புரிந்தார். ஆயினும் ஒல்லாந்தரால் துன்புறுத்தப்பட்ட கத்தோலிக்கர் பலருக்குத் தம் நாட்டில் புகலிடம் தந்தவரும் அவரே. நேற்றுவரை பகைவராயிருந்த போர்த்துக்கேயரும் அவர்களுள் இருந்தனர்.

1687இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் புனித யோசேப்பு வாஸ் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தரின் தேடுதலுக்குத் தப்பி, 1690இல் கண்டி அரசின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்தை அவர் வந்தடைந்தார். ஒல்லாந்தர் எட்டாத அம்மண்ணில் அவரால் திருவருட்சாதனங்களை நிறைவேற்ற முடிந்தது.

வஞ்சிக்கப்பட்டவர் தம் கதவை எல்லோருக்கும் அடைத்துவிடலாம். வஞ்சிக்கப்பட்ட இன்னொருவருக்கு அதைத் திறக்கவும் செய்யலாம். அம்மன்னர் இரண்டையும் செய்தார். அடைத்ததன் துயரை அவரும் அவருடைய குடிமக்களும் அனுபவித்தனர். திறந்ததன் பயனை இக்கரையின் இறைமக்கள் இன்றளவும் அனுபவிக்கிறோம். வாசகரே, ஒருவர் செய்த துரோகத்திற்காக நீங்கள் இன்னும் அடைத்து வைத்திருக்கும் கதவுக்கு வெளியே காத்து நிற்பவர் யார்? இந்த வாரம் அவருக்காகச் செபியுங்கள்; பின்பு கதவைத் திறவுங்கள்.